ஆள் எடுக்கும் கலை

ஏப்ரல் பிறந்துவிட்டால் புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் பங்கனப்பள்ளிக் கூடைகளும் சென்னை சூப்பர் கிங்ஸ் பேச்சும் ஒன்றாக வந்து இறங்கும். நேரு வீதிப் பக்கம் நுழைந்து நாலு கடை தாண்டுவதற்குள் முந்தின நாள் ஆட்டத்தின் முழு விமர்சனமும் காதில் விழுந்துவிடும். பழம் கேட்டு நின்றால், கடைக்கார அம்மா விலை சொல்வதற்கு முன் ஒன்று கேட்பார்: "எப்போ சாப்பிடப் போறீங்க? இன்னைக்கா, நாலு நாள் கழிச்சா?" பதிலைப் பொறுத்து அவர் கை வேறு வேறு கூடைக்குப் போகும். அணிக்கு ஆள் எடுப்பவர்களிடமும் நான் தேடி ரசிப்பது இந்தக் கேள்வியைத்தான். அனுபவசாலியா, இளைஞனா என்று வருடா வருடம் சண்டை நடக்கிறது. எந்த வருடத்துக்கு ஆள் வேண்டும் என்று தெரிந்து ஏலத்தில் கை தூக்குபவரைப் பார்ப்பது எனக்கு ஒரு நல்ல கவர் டிரைவைப் பார்ப்பதற்குச் சமம்.

இரண்டு வருடத் தடை முடிந்து சென்னை ஐபிஎல்லுக்குத் திரும்பிய 2018-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் பெங்களூரில் ஏலம். வாட்சனுக்கு 36 வயது, 4 கோடி. இம்ரான் தாஹிருக்கு 38, ஒரு கோடி. அம்பாதி ராயுடு 2.20 கோடி. ஹர்பஜன், பிராவோ, டூ பிளெஸி எல்லோருமே முப்பதைத் தாண்டியவர்கள். 'டாட்ஸ் ஆர்மி', அப்பாக்களின் படை, என்று ஊரே கேலி பேசியது. எதிர் மேசைகளில் இருந்தவர்களுக்கு அந்த வயதுகளைக் கண்டு பயம். அந்தப் பயத்தால்தான் விலை இறங்கியது. அந்த இறங்கிய விலையில் புகுந்து வாங்கியதுதான் கைவண்ணம். ராயுடு அந்த ஒரு சீசனில் 602 ரன் குவித்தார். தாஹிர் அடுத்த வருடம், நாற்பது வயதில், 26 விக்கெட் எடுத்துத் தொடரிலேயே முதலிடம் பிடித்தார்.

அந்த ஏலத்தின் உச்சம் மே 27 அன்று வான்கடேயில் தெரிந்தது. ஹைதராபாதுக்கு எதிரான இறுதி ஆட்டம், 179 இலக்கு. வாட்சன் முதல் பத்துப் பந்தில் ஒரு ரன்கூட எடுக்கவில்லை. பத்து! இருபது ஓவர் ஆட்டத்தில், அதுவும் கோப்பைக்கான ஆட்டத்தில், அத்தனை பந்துகளை விழுங்கிவிட்டு முகம் மாறாமல் நிற்க வேண்டுமென்றால் அதற்கு வருடங்கள் வேண்டும். புவனேஷ்வர் குமாரின் பந்துகளைத் தாங்கிக்கொள்ளலாம், அடிப்பதற்கு வேறு பந்துவீச்சாளர்கள் வருவார்கள் என்ற கணக்கு அவர் உடம்பிலேயே ஊறியிருந்தது. பதின்மூன்றாவது ஓவரில் சந்தீப் சர்மா வந்தார், 27 ரன். கடைசியில் 57 பந்தில் 117, ஆட்டமிழக்கவில்லை. அந்த 117-ஐவிட முதல் பத்துப் பந்துகளையே நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறேன். நாலு கோடி கொடுத்து வாங்கியது அந்த நிதானத்தைத்தான்.

இதே கேள்வியை ஆஸ்திரேலியர்கள் இன்னும் கூர்மையாக்கி வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய சொந்த ஃபுட்பாலில் பதினெட்டு வயதுப் பிள்ளைகள் ஏலத்துக்கு வருவதில்லை; 1986 முதல் டிராஃப்ட் நடக்கிறது. கடைசி இடத்தில் முடித்த அணிக்கு முதல் தேர்வு. அந்தத் தேர்வு உரிமையையே கொடுத்து வேறு அணியின் தேர்ந்த வீரரை வாங்கிக்கொள்ளவும் செய்யலாம். 2012-இல் புதிதாக நுழைந்த கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னி அணி இளம் பிள்ளைகளை வைத்து ஆடி முதல் இரண்டு வருடமும் கடைசி இடத்தில் முடித்தது. அந்தப் பிள்ளைகளில் ஒருவர் ஜெரமி கேமரன். அவர் முழு ஆட்டக்காரராக வளர்ந்தபின் 2020 முடிவில் ஜீலாங் அணி அவரைக் கொண்டுபோனது. ஏற்கெனவே அடிலெய்டிலிருந்து டேஞ்சர்ஃபீல்டை எடுத்திருந்தார்கள். ஹாத்தார்னிலிருந்து ஐசக் ஸ்மித்தையும் எடுத்தார்கள். 2022 இறுதி ஆட்டத்தில் இறங்கிய ஜீலாங், அந்த லீக் கண்ட அணிகளிலேயே மூத்த அணி. சிட்னியை 81 புள்ளி வித்தியாசத்தில் வென்றது. சிறந்த ஆட்டக்காரர் விருது 33 வயது ஸ்மித்துக்கு. ஆனால் அந்த அணியின் தலைவர் ஜோயல் செல்வுட், 2006 டிராஃப்டில் பிள்ளையாக வந்து அங்கேயே வளர்ந்தவர். வெளியிலிருந்து வந்த பெரியவர்கள் சாய்ந்துகொள்ள உள்ளே ஒரு தூண் இருந்தது. ஜீலாங்கை நான் மெச்சுவது அதற்காக.

எங்கள் புதுச்சேரி அணி 2018-19-இல் ரஞ்சிக் கோப்பைக்குள் காலடி வைத்தபோதும் இதே கேள்விதான். வெளி மாநிலத்தார் மூன்று பேரை எடுக்கலாம் என்பது விதி. ஹிமாச்சலிலிருந்து பரஸ் டோக்ரா வந்தார், மும்பையிலிருந்து அபிஷேக் நாயர் வந்தார். அடுத்த வருடம், கர்நாடகத்துக்கு இரண்டு ரஞ்சிக் கோப்பை வாங்கித் தந்த வினய் குமாரும் வந்தார். பிறந்த குழந்தைக்குச் சமமான ஓர் அணிக்கு இவர்கள் தேவைதான். துத்திப்பட்டு மைதானத்தில் வினய் குமார் ஓடி வந்து போடும் பந்தை மிட்-ஆஃபில் நின்று பார்க்கும் உள்ளூர்ப் பையனுக்கு அது எந்தப் பயிற்சி முகாமிலும் கிடைக்காத பாடம். ஆனால் மிட்-ஆஃபில் அந்தப் பையன் நிற்க வேண்டும். அந்த இடத்துக்கும் வெளியாள் வந்துவிட்டால் எடுத்த பெரியவரின் பாதிப் பயன் வீண். இதில் எனக்குச் சமரசமே கிடையாது.

பெரியவரை வாங்கத் துணிச்சல் போதும். சிறியவரை எடுத்தால் காத்திருக்கவும் வேண்டும். ருதுராஜ் கெய்க்வாட்டைச் சென்னை 20 லட்சத்துக்கு எடுத்தது. 2020-இல் களம் இறக்கினால் 0, 5, 0. அந்த சீசனில்தான் இளைஞர்களிடம் 'ஸ்பார்க்' தெரியவில்லை என்ற தோனியின் பேச்சு பெரிய சர்ச்சை ஆனது. எனக்கு அந்தப் பேச்சில் உடன்பாடில்லை; ஆனால் அதே நிர்வாகம் மறுபடியும் ருதுராஜை இறக்கியது. தொடர்ந்து மூன்று அரைச் சதம். அடுத்த வருடம் 635 ரன், ஆரஞ்சுத் தொப்பி, கோப்பை. நாலாவது வாய்ப்பைக் கொடுத்த அந்த முடிவுக்கு எந்த ஏலத்திலும் விலை போட முடியாது.

ஐபிஎல்லிலும் ஒரு டிராஃப்ட் நடந்தது என்பது பலருக்கு மறந்துபோயிருக்கும். 2008-இல், உலகக் கோப்பை வென்ற பத்தொன்பது வயதுக்குட்பட்ட பையன்களுக்காக. முதலில் கை நீட்டிய டெல்லி, தன் ஊர்ப் பிள்ளை விராட் கோலியை விட்டுவிட்டு பிரதீப் சங்வானை எடுத்தது. அதே டிராஃப்டில் ரவீந்திர ஜடேஜா ராஜஸ்தானுக்குப் போய், அந்த வருடமே கோப்பையும் கண்டார். 2012 ஏலத்தில் 20 லட்சம் டாலருக்குச் சென்னை வந்தார். 2023 இறுதி ஆட்டத்தின் கடைசி இரண்டு பந்தில் பத்து ரன் வேண்டும். மோஹித் சர்மாவை ஒரு சிக்ஸ், ஒரு ஃபோர். 2025 நவம்பரில், சஞ்சு சாம்சனுக்கு மாற்றாக, சாம் கரனோடு சேர்த்து ஜடேஜாவைச் சென்னை ராஜஸ்தானுக்கே அனுப்பியது. டிராஃப்ட், ஏலம், டிரேடு என்று மூன்று வாசலிலும் நுழைந்தவர் அவர். அந்தச் செய்தி வந்த அன்று எனக்கு நெஞ்சு கனத்தது. கணக்கு சரிதான்: 37-ஐ நெருங்குபவரைக் கொடுத்து 31 வயது விக்கெட் கீப்பரை வாங்குகிறார்கள், தோனிக்குப் பிறகான வருடங்களுக்காக.

அதற்குக் காரணமும் இருந்தது. 2025-இல் பழைய கைகளையே நம்பிய சென்னை 14 ஆட்டத்தில் நாலே வெற்றியோடு முதல்முறையாகக் கடைசி இடத்துக்குப் போனது. காயம்பட்ட ருதுராஜுக்குப் பதிலாக வந்த 17 வயது ஆயுஷ் மாத்ரே பெங்களூருக்கு எதிராக 48 பந்தில் 94 அடித்தபோது நிர்வாகத்தின் கேள்வி மாறிவிட்டது என்று புரிந்தது. டிசம்பரில் அபுதாபி ஏலம். இந்தியாவுக்கு ஆடாத இரண்டு பிள்ளைகளுக்கு, இருபது வயது பிரசாந்த் வீருக்கும் பத்தொன்பது வயது கார்த்திக் சர்மாவுக்கும், தலைக்கு 14.20 கோடி.

துணிச்சலை ரசிக்கிறேன். விலையைப் பற்றித்தான் கவலை. டிராஃப்டில் வந்த ஜடேஜாவுக்கு நிர்ணயித்த சிறு தொகைதான்; 20 லட்ச ருதுராஜுக்கு மூன்று தோல்வியை யாரும் கணக்கு எழுதவில்லை. 14.20 கோடிப் பையன் ஒரு கேட்சை விட்டாலே சேப்பாக்கம் முணுமுணுக்கும். பிரசாந்த் வீர் ஜடேஜாவைப் போலவே இடது கைச் சுழலும் மட்டையும் கொண்டவர். ஒப்பீடும் கூடவே வரும். அவர் முதல் ஓவரில் இருபது ரன் கொடுத்தாலும் அடுத்த ஆட்டத்தில் பந்து அவர் கையில் இருக்க வேண்டும், நாலாவது ஆட்டம் வரைக்கும் இருக்க வேண்டும். கேலரியில் இருக்கும் நாமும் அதுவரை வாயைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி.