மலை மூங்கிலும் நகர அரங்கும்

ஆடற்கலை என்றவுடன் நம் மாணவர் நெஞ்சில் தோன்றுவது நகரமே. கேமரன் மலையில், 1929ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற போ தேயிலை நிறுவனத்தின் தோட்டங்கள் முதலாகப் பல தோட்டங்களில் தமிழர் தலைமுறை தலைமுறையாக உழைத்துள்ளனர். அத்தோட்டங்களில் வளர்ந்து பரதம் பயில விழையும் மாணவியின் கண்கள், தொலைவிலுள்ள கோலாலம்பூரையே நோக்கும். அங்கு 1981இல் தோன்றிய டெம்பிள் ஆப் ஃபைன் ஆர்ட்ஸும், 1983இல் ராம்லி இப்ராஹிம் நிறுவிய சூத்ராவும் அந்நகருக்கு ஆடற்புகழ் சேர்த்தன. அவ்வாறாயின், ஆடலில் மலைக்குப் பங்கே இல்லையா? இவ்வினாவுடன் சிலப்பதிகாரத்தை அணுகுதல் பயன் தரும்.

புகார் நகரத்தில் மாதவி ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் அகவையில் அரங்கேறினாள். தலைக்கோற் பட்டமும் பெற்றாள். அரங்கேற்று காதையைக் கற்பிக்கும்போது நாம் பெரும்பாலும் அரங்கின் அளவையே மனப்பாடம் செய்விக்கிறோம். அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், உயரம் ஒரு கோல் என்பர். அந்தக் கோல் எங்கிருந்து வந்தது என்று கேட்பதில்லை. உயர்ந்த மலையில், கணுவுக்குக் கணு ஒரு சாண் இடைவெளியுடன் வளர்ந்த மூங்கிலைக் கொணர்ந்தே, இருபத்து நான்கு விரல் அளவுள்ள கோலாக நறுக்கினர் என்கிறார் இளங்கோவடிகள். நகரத்து அரங்கை அளந்தது மலையின் மூங்கில்.

கடலாடு காதையிலோ, மலையிலிருந்து ஒரு சுவைஞனே வருகிறான். வெள்ளிமலையில் வாழும் விஞ்சையன் ஒருவன், இந்திர விழாவில் மாதவியின் ஆடலைக் காணத் தன் காதலியுடன் புகாருக்கு வருகிறான். கொடுகொட்டி முதல் கடையம் ஈறாகிய பதினோராடல்களையும் அவளுக்கு ஒவ்வொன்றாகக் காட்டி விளக்குகிறான். காண்பதற்கும் கல்வி வேண்டும் என்பதை இங்கு உணர்கிறோம். அவற்றுள் இறுதியாகிய கடையம், இந்திராணி வயலருகே நின்று உழத்தியர் கோலத்தில் ஆடியது. நகரத்தின் தலைசிறந்த ஆடல்மகள், உழைக்கும் பெண்ணின் கோலத்தைப் பூண்டே தன் ஆடலை நிறைவு செய்கிறாள். கூடை சுமந்து கொழுந்து கொய்யும் தாயைக் கண்டு வளர்ந்த மாணவிக்கு இப்பகுதியை எடுத்துரைக்க வேண்டாவா?

குன்றக் குரவையில் அரங்கமும் இல்லை, எழினியும் இல்லை. தினைப்புனத்தில் கிளி கடிந்து நின்ற மகளிர் கண்ணகியைக் கண்டனர். அவளைத் தெய்வமாக ஏற்றுத் தொண்டகமும் சிறுபறையும் முழங்கக் குரவை ஆடினர். காண்போர் வேறு, ஆடுவோர் வேறு என்ற பிரிவு அங்கில்லை. இளங்கோ இதனைத் தாழ்த்திக் கூறவில்லை. வஞ்சிக் காண்டத்தின் வாயிலிலேயே வைத்தார்.

எனினும் நம் கல்வியில் ஒரு சமநிலைக் குறைவு உண்டு. உ. வே. சாமிநாதையர் 1892இல் வெளியிட்ட பதிப்பின் வழியே நமக்குக் கிட்டிய அடியார்க்கு நல்லார் உரை, புகாரின் அரங்கை நுணுகி விளக்குகிறது. வஞ்சிக் காண்டத்திற்கோ அவ்வுரை கிடைக்கவில்லை. உரை நீண்ட இடத்தில் நம் பாடமும் நீள்கிறது. உரை நின்ற இடத்தில் நாமும் விரைந்து கடந்துவிடுகிறோம். மலையாடல் எளியது என்னும் எண்ணம் மாணவர்க்கு எழுவதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

நகரப் பயிற்சி வேண்டா என்பது நம் கருத்தன்று. ஏழாண்டு உழைப்பின்றி மாதவி இல்லை. ஆனால், மாரியம்மன் திருவிழாவில் பாட்டியர் கொட்டும் கும்மியை நாணத்துடன் ஒதுக்கிவிட்டு நகரத்துக்குச் செல்லும் மாணவி, தன் கைக்கோலை வீட்டிலேயே விட்டுச் செல்கிறாள். குன்றக் குரவையைக் கற்பிக்கும் ஆசிரியர், அன்று ஒரு நாளேனும் மாணவரைத் தத்தம் பாட்டியரிடம் கும்மிப் பாட்டுக் கேட்டு வரச் செய்யலாம். உரை கிடைக்காத காண்டத்திற்கு நாம் தேடித் தரக்கூடிய உரை அங்கே இருக்கிறது.