பிழையும் பழியும்: ஆங்கில எழுத்தும் இலக்கணமும் பற்றிய ஒரு நோக்கு

ஒருவர் எழுதிய ஆங்கிலத்தில் எழுத்துப்பிழை காணப்படுமிடத்து, அது அவரது பயிற்சியின் குறையாக மட்டுமன்றி அறிவின் குறையாகவும் கொள்ளப்படுகின்றது. கணக்கிற் பிழைவிட்டவனைக் கவனமற்றவன் என்று கூறும் உலகம், ஆங்கில எழுத்திற் பிழைவிட்டவனைப் படியாதவன் என்று தீர்ப்பளிக்கின்றது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட நாடுகளிலும் இந்நிலைமையே நிலவுகின்றது. எழுதுபவரின் சோம்பலும் கவனக்குறைவுமே இப்பிழைகளுக்குக் காரணம் என்பது பரவலான கருத்து. இக்கருத்து எத்துணை பொருத்தமுடையது என்பதை அம்மொழியின் வரலாற்றுப் பின்னணியில் ஆராய்தல் அவசியமாகும்.

எந்த மொழியிலும், செவி கேட்பதும் கை எழுதுவதும் வேறுபடும் இடத்திலேயே எழுத்துப்பிழை தோன்றுகின்றது. ழகரத்தை ளகரமாக ஒலிக்கும் பேச்சுவழக்கினையுடைய தமிழ் மாணவன், 'வாழை' என எழுதவேண்டிய இடத்தில் 'வாளை' என எழுதிவிடுகிறான். ஆனால் தமிழில் இத்தகைய இடங்கள் எண்ணக்கூடியவை. 'காகம்' என்ற சொல்லில் வரும் இரு ககரங்களும் வெவ்வேறாக ஒலிப்பினும், எங்கு எவ்வாறு ஒலிக்கும் என்பதை எழுத்து நிற்கும் இடமே உணர்த்திவிடுகின்றது. ஆங்கிலத்திலோ 26 எழுத்துக்கள் ஏறத்தாழ 44 ஒலிகளைச் சுமக்கின்றன. ஒரே ஒலிக்குப் பல எழுத்துக்களும் ஒரே எழுத்துக்குப் பல ஒலிகளும் அமைந்திருப்பதால், செவியும் எழுத்தும் பிரியும் இடங்கள் அம்மொழி முழுவதும் பரந்து கிடக்கின்றன.

இந்நிலை தோன்றியமைக்கு வரலாற்றுக் காரணங்கள் உள. வில்லியம் கக்ஸ்டன் 1476ஆம் ஆண்டில் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சியந்திரத்தை நிறுவினார். அவரும் அவர்வழி வந்த அச்சகத்தாரும் சொற்களுக்குப் படிப்படியாக நிலையான வடிவத்தை வழங்கிவந்த அதே காலப்பகுதியிலேயே, ஆங்கிலத்தின் நெட்டுயிர்கள் பெருமாற்றத்துக்கு உட்பட்டன. ஒருகாலத்தில் 'நாம' என்பதுபோல ஒலித்த சொல் 'நேம்' ஆயிற்று. 'டீம' என்பதுபோல ஒலித்தது 'டைம்' ஆயிற்று. வீரனைக் குறிக்கும் 'நைற்' என்ற சொல்லின் முதலில் நிற்கும் 'கே' எழுத்தும், இடையில் நிற்கும் 'ஜீ', 'எச்' எழுத்துக்களும் முன்னர் ஒலிக்கப்பட்டவையே. ஒலிகள் மறைந்தன, எழுத்துக்கள் எஞ்சின. சாமுவேல் ஜோன்சனின் அகராதி 1755இல் வெளிவந்தபோது, மாறிய ஒலிகளுக்கும் மாறாத எழுத்துக்களுக்கும் இடையிலான பிளவு பெரும்பாலும் நிலைபேறடைந்துவிட்டது. எனவே இன்று ஆங்கிலம் எழுதும் ஒருவர் தாம் பேசும் மொழியை எழுதவில்லை. பல நூற்றாண்டுகளுக்கு முன்னர் பிறர் பேசிய மொழியையே எழுதுகின்றார் எனலாம்.

ஒலிமாற்றம் செய்த குழப்பம் போதாதென்று, அறிஞரின் தலையீடும் இதில் இடம்பெற்றது. கடனைக் குறிக்கும் 'டெற்' என்ற சொல் பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தபோது அதில் 'பீ' என்ற எழுத்து இருக்கவில்லை. அதன் லத்தீன் மூலத்தை நினைவூட்டும் பொருட்டு அவ்வெழுத்து பின்னரே புகுத்தப்பட்டது. தீவைக் குறிக்கும் 'ஐலண்ட்' என்ற சொல்லின் கதை இதனினும் விந்தையானது. அது பழைய ஆங்கிலச் சொல், லத்தீனோடு தொடர்பற்றது. எனினும் பிரெஞ்சுவழி வந்த வேறொரு சொல்லோடு அது உறவுடையதெனத் தவறாகக் கருதப்பட்டமையால், ஒலிக்காத 'எஸ்' எழுத்து அதனுள் நுழைந்தது. அதாவது, படித்தவர் விட்ட பிழையே இன்று சரியான எழுத்தாக நிற்கின்றது. அப்பிழையைச் செய்யாது, காதுக்குக் கேட்டவாறு எழுதும் சிறுவனே பிழைவிட்டவனாகின்றான். மொழிவரலாற்றின் இம்முரண் ஊன்றி நோக்கத்தக்கது.

எழுத்துமுறையின் சிக்கல் கற்போரைப் பாதிக்கின்றது என்பதற்கு ஆய்வுச் சான்றுகளும் உண்டு. பதின்மூன்று ஐரோப்பிய மொழிகளிற் பிள்ளைகள் வாசிக்கக் கற்பதை ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2003இல் வெளிவந்தது. முதலாம் ஆண்டு நிறைவில் பின்னிய, கிரேக்க, இத்தாலிய, ஸ்பானிய மொழிகளைக் கற்ற பிள்ளைகள் பழகிய சொற்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவற்றைச் சரியாக வாசித்தனர். ஆங்கிலம் கற்ற ஸ்கொட்லாந்துப் பிள்ளைகளோ ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினையே வாசித்தனர். அவர்கள் ஓரளவு இளவயதினர் என்பது உண்மையே. எனினும் வயதுவேறுபாடு மாத்திரம் இத்துணைப் பெரிய இடைவெளியை விளக்கப் போதாது. மேலும், 'டிஸ்லெக்சியா' எனப்படும் வாசிப்பு இடர்ப்பாடு உடையோரை மூளைப்படங்களின் துணையுடன் ஆராய்ந்த 2001ஆம் ஆண்டு ஆய்வொன்று, அவ்விடர்ப்பாட்டின் மூளைசார்ந்த அடிப்படை மொழிதோறும் ஒன்றாயிருந்தும், இத்தாலியர் ஆங்கிலேயரிலும் செவ்வையாக வாசித்தனர் எனக் காட்டிற்று. ஒரே குறைபாடு ஒரு மொழியிற் சிறு இடறலாகவும் மற்றொரு மொழியிற் பெருந்தடையாகவும் அமைதல் கூடும் என்பது இதனாற் பெறப்படும்.

ஆங்கில எழுத்துமுறைக்கு ஆதரவாகக் கூறப்படுவனவற்றையும் புறக்கணித்தல் தகாது. நோம் சொம்ஸ்கியும் மொறிஸ் ஹலேயும் 1968இல் வெளியிட்ட நூலில், இவ்வெழுத்துமுறை குறைபாடுடையதன்று. மாறாக, மிகச் சிறந்ததொரு முறைக்கு அண்மித்தது என வாதிட்டனர். 'சைன்' என்பதில் ஒலிக்காத 'ஜீ' எழுத்து 'சிக்னேச்சர்' என்பதில் ஒலிக்கின்றது; அதனால் இரு சொற்களின் உறவு கண்ணுக்குப் புலனாகின்றது. இவ்வாதத்தில் உண்மையுண்டு. ஆயின் இப்பயன் யாருக்குரியது என்ற வினா எழுகின்றது. இரு சொற்களையும் முன்னரே அறிந்தவருக்கே அவ்வுறவு துணைசெய்யும். முதற்சொல்லையே எழுத்துக்கூட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கோ, பிறமொழியாளனுக்கோ அது வெறுஞ்சுமையே. மேலும், 'ஐலண்ட்' என்பதிலுள்ள எழுத்தை இவ்வாதத்தாற் காப்பாற்றுதல் இயலாது.

அவ்வாறாயின் எழுத்தைச் சீர்திருத்திவிடலாமே என்பது அடுத்த வாதம். நோவா வெப்ஸ்டரின் 1828ஆம் ஆண்டு அகராதி அமெரிக்க ஆங்கிலத்திற் சில மாற்றங்களை நிலைநாட்டியது உண்மையே. ஆனால் அதனிலும் பெரிய முயற்சிகள் வெற்றிபெறவில்லை. பேணாட் ஷோ புதிய நெடுங்கணக்கொன்றுக்காகத் தமது மரணசாசனத்திற் பணம் ஒதுக்கினார். 1962இல் அவரது நாடகமொன்று அவ்வெழுத்தில் அச்சாயிற்று. அத்துடன் அம்முயற்சி பெரும்பாலும் முடிவுற்றது. ஒலிப்படி எழுதுவதாயின் யாருடைய ஒலிப்படி எழுதுவது என்ற வினாவுக்கு விடையில்லை. லண்டனிலும் எடின்பரோவிலும் நியூயோர்க்கிலும் கொழும்பிலும் ஒரே சொல் வெவ்வேறாக ஒலிக்கின்றது. ஒலிக்கு அணுக்கமில்லாத எழுத்தே இவர்களனைவரையும் ஒரே பக்கத்தை வாசிக்கச் செய்கின்றது என்பதை மறுப்பதற்கில்லை.

இலக்கணத்தின் நிலை சற்று வேறானது. தொல்காப்பியத்தின் பாயிரம், நூலாசிரியர் வழக்கினையும் செய்யுளினையும் ஆராய்ந்து இலக்கணம் கண்டார் எனக் கூறும். ரொபேட் லவுத் 1762இல் வெளியிட்ட ஆங்கில இலக்கணமோ, சேக்ஸ்பியர், மில்டன், சுவிப்ற் போன்றோரின் வசனங்களையே பிழைக்கு உதாரணங்களாக அடிக்குறிப்புக்களிற் காட்டிற்று. இலக்கியம் கண்டதற்கு இலக்கணம் இயம்பாது, இலக்கியத்தையே இலக்கணம் தண்டித்தது எனலாம். ஒரு வாக்கியத்தில் இரு எதிர்மறைகள் வருதல் தவறு என்ற விதியும் இத்தகையதே. சோசரும் சேக்ஸ்பியரும் தயக்கமின்றிக் கையாண்ட அவ்வழக்கு, பின்வந்த இலக்கணகாரரின் தருக்கத்தினாற் கல்லாதோர் வழக்கெனத் தள்ளப்பட்டது. பேச்சில் இயல்பாகப் பெற்றவொன்றைப் பள்ளியில் மறக்குமாறு பணிக்கப்படுபவர் தடுமாறுதல் வியப்பன்று. பிறமொழியாளரின் தடுமாற்றம் இதனின்றும் வேறுபட்டது. 'த', 'ஏ' என்னும் சுட்டிடைச்சொற்களை ஒத்தவை தமிழில் இல்லை. ஆகவே அவற்றை எங்கு இடுவது, எங்கு விடுவது என்பது தமிழருக்கு நெடுநாட் சிக்கலாகின்றது. இது சோம்பலின் விளைவன்று. இரு மொழிகளின் அமைப்பு வேறுபாட்டின் விளைவு.

இவ்விடயம் இலங்கையிற் கல்விப்பிரச்சினையாக மட்டும் நின்றுவிடவில்லை. 1960களில் கலைப்பீடங்களிற் சுதேச மொழிகள் போதனாமொழிகளாயின. அதன்பின்னரும் உத்தியோகத்துக்கும் உயர்நிலைக்கும் ஆங்கிலமே வாயிலாக இருந்தது. சிங்கள மாணவர் ஆங்கிலத்துக்கு இட்ட பெயர் 'கடுவ' என்பதாகும். வாள் என்பது அதன் பொருள். மொழியியலறிஞர் திரு கந்தையா 1984இல் எழுதிய கட்டுரையொன்று இச்சொல்லையே தலைப்பிற் கொண்டது. கிராமத்திலிருந்து வந்த மாணவன், தமிழனாயினும் சிங்களவனாயினும், விரிவுரை மண்டபத்தில் ஐயத்தைக் கேளாது வாய்மூடியிருப்பது பாடம் விளங்காமையால் மட்டுமன்று. ஒரு சொல் பிழைத்தாற் சிரிப்பெழும் என்ற அச்சத்தாலுமாகும். தீவைக் குறிக்கும் சொல்லில் ஓர் எழுத்தை விட்டவனின் சிந்தனையும் அவ்வெழுத்தோடு சேர்த்து எறியப்படுகின்றது. இழப்பு அவனுக்கு மட்டுமுரியதன்று.

பொதுநியமம் வேண்டாம் என்பது இதன் கருத்தன்று. தொலைவிலுள்ளோர் ஒருவரையொருவர் விளங்கிக்கொள்ளப் பொதுவான எழுத்தும் இலக்கணமும் அவசியமானவை. அவற்றைக் கற்கவே வேண்டும். ஆனால் அவை வரலாற்றின் விளைவுகளென உணர்ந்து கற்பித்தல் ஒன்று; அறிவின் அளவுகோலாகக் கொண்டு கற்பித்தல் வேறொன்று. 'நைற்' என்ற சொல்லில் ஒலிக்காத எழுத்துக்கள் ஏன் நிற்கின்றன என விளக்கும் ஆசிரியர், அச்சொல்லை மனப்பாடஞ் செய்விப்பவரிலும் அதிகம் கற்பிக்கின்றார். விடைத்தாளிற் கருத்துக்குரிய புள்ளியையும் எழுத்துக்குரிய புள்ளியையும் வேறாக்குவதும் அரிய செயலன்று. ஆங்கில எழுத்தின் கோணலை நேராக்குதல் எளிதன்று என்பதை நூற்றாண்டுகளின் அனுபவம் காட்டிவிட்டது. பிழைவிட்டவரைப் பார்க்கும் பார்வையின் கோணலை நேராக்குதற்கோ புதிய நெடுங்கணக்கு எதுவும் வேண்டியதில்லை.