இரண்டு சிதம்பரங்கள்

மார்கழித் திருவாதிரை விழாவில் சிதம்பரத்தில் தேர் ஓடும் நாட்களில், கடலுக்கு அந்தப் பக்கம் காரைநகரிலும் தேர் ஓடுகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து பொன்னாலைப் பாலம் தாண்டிச் சென்றால் வரும் தீவூர் அது. அங்குள்ள திண்ணபுரம் சிவன் கோயிலை ஈழத்துச் சிதம்பரம் என்றே சொல்கிறார்கள். மூலவர் சுந்தரேசுவரர், பெருவிழாவோ நடராசருக்கு. தெய்வமும் விழாவும் ஒன்றுதான், போய்வரும் விதம்தான் வேறு.

சிதம்பரத்துக்குக் காரில் வருபவர்களைப் பாருங்கள். கீழவீதியில் இறங்குவார்கள், தரிசனம் முடிப்பார்கள், சாப்பிட்ட கையோடு வைத்தீஸ்வரன்கோயில், திருக்கடையூர் என்று கிளம்பிவிடுவார்கள். பக்கத்திலுள்ள பிச்சாவரம் சதுப்புக்காட்டுக்குப் போவது வேறொரு கூட்டம். அது படகேறி இறங்கியதும் புதுச்சேரிக்குத் திரும்பிவிடும். இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று பார்ப்பதே இல்லை. எனக்கு இது நெடுநாளைய வருத்தம். கோயிலின் தலமரமான தில்லையை இன்று ஊருக்குள் காண்பது அரிது. பிச்சாவரத்துச் சதுப்பில்தான் அது தழைத்து நிற்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. கோயில் எழுந்த இடமே ஒரு காலத்தில் தில்லைவனம் என்பது மரபு. அப்படியானால் அந்தக் காட்டைப் பார்க்காதவர் தலத்தைப் பாதிதான் பார்த்திருக்கிறார். 2004 சுனாமியில் பக்கத்துக் கிராமங்கள் சிலவற்றுக்கு அரணாக நின்றதும் இந்த அலையாத்திக் காடுதான். 2022இல் இதற்கு ஈரநிலங்களுக்கான ராம்சார் தகுதியும் கிடைத்தது.

காரைநகரில் கோயிலையும் சுற்றுப்புறத்தையும் யாரும் இப்படிப் பிரித்துப் பார்ப்பதில்லை. போரில் ஊரே இடம்பெயர்ந்தது. லண்டனிலும் டொரண்டோவிலும் வாழ்பவர்கள் திருவாதிரைக்கு ஊர் திரும்பி, பெரியம்மா வீட்டிலோ மாமா வீட்டிலோ நாட்கணக்கில் தங்குகிறார்கள். திருவெம்பாவை நாட்களில் விடியுமுன்பே சங்கும் சேமக்கலமும் ஒலிக்கும். ஆண்கள் சட்டையைக் கழற்றி, வேட்டியோடுதான் கோயிலுக்குள் போவார்கள். பிறகு பிள்ளைகளோடு கசூரினா கடற்கரை. அங்கே கடல் ஆழமில்லாமல் நெடுந்தூரம் கிடக்கிறது. ஊர்காவற்றுறைக்குப் போக 'பாதை' என்று அவர்கள் சொல்லும் மிதவையில் ஏறினால், நடுக்கடலில் போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டையும் கண்ணில் படும்.

இந்தத் தங்கும் வழக்கம் சிதம்பரத்துக்கு அந்நியமானதல்ல. தோணியேறி வந்த யாழ்ப்பாணத்து அடியார்கள் இங்கே மடங்களில் நாட்கணக்கில் இருந்தார்கள். திருநெல்வேலி ஞானப்பிரகாசர் வெட்டுவித்த குளம் அவர் பெயரோடு இன்றும் இருக்கிறது. அந்தத் திருநெல்வேலி யாழ்ப்பாணத்தில் உள்ளது. ஆறுமுக நாவலர் 1864இல் சைவப்பிரகாச வித்தியாசாலையை இங்கே தொடங்கினார். பள்ளிக்கூடம் வைக்கும் அளவுக்கு அவர்கள் இந்த ஊரைத் தங்கள் ஊராக எண்ணினார்கள். நாமோ இதைப் போகிற வழியில் இறங்கிப் போகும் இடமாக்கிவிட்டோம்.

காரைநகரில் குறையே இல்லை என்று சொல்லவரவில்லை. அந்த வழக்கம் முழுக்க உறவை நம்பி நிற்கிறது. அங்கே யாரையும் அறியாதவருக்குத் தங்க இடம் கிடைப்பது எளிதல்ல. சிதம்பரத்தில் அந்தக் கவலை கிடையாது. ரயில் உண்டு, பேருந்து உண்டு, தேரோடும் வீதிகளைச் சுற்றி விடுதிகள் உண்டு. வசதி இருந்தும் தங்காமல் போவதுதான் எனக்கு ஆறவில்லை.

திருவாதிரைக்கு வருபவர்கள் தேரன்று இரவு இங்கேயே தங்க வேண்டும். மறுநாள் தரிசனமும் களியும் ஆகட்டும். அதற்கடுத்த காலை கிள்ளை வழியாகப் பிச்சாவரம் போகலாம். மோட்டார் படகு வேண்டாம். துடுப்புப் படகுதான் குறுகலான வாய்க்கால்களுக்குள் நுழையும். தில்லை மரம் எது என்று படகுக்காரரிடம் கேட்டால் காட்டுவார். நேரம் மிஞ்சினால் பரங்கிப்பேட்டை. வெள்ளாறு கடலில் கலக்கும் அந்த ஊரில்தான் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. பிச்சாவரத்து மரங்களையும் நண்டுகளையும் மீன்களையும் பல தலைமுறையாக ஆராய்ந்து வருபவர்கள் அங்கே இருக்கிறார்கள்.