வார்டுச் சிரிப்பு: தண்டுவடக் காயமும் நகைச்சுவையின் எல்லைகளும்

தேங்காய் வெட்டப் போனவர் மரத்திலிருந்து விழுந்தார். தண்டுவடத்தில் அடி; இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. மறுவாழ்வு வார்டில் அவருக்குத் துணையாகச் சில வாரங்கள் இருந்தேன். திண்டுக்கல் நாகல் நகரிலிருந்து உறவுக்காரர்கள் வேன் பிடித்துப் பார்க்க வந்தார்கள். "எப்படிய்யா விழுந்தே?" என்று எட்டாவது ஆளும் கேட்டபோது அவர் சொன்னார்: "எல்லாரும் விழுகுற மாதிரிதான் மாமா, மேலருந்து கீழ." வந்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை. அத்தை ஒருத்தி முந்தானையை வாயில் வைத்து அழ ஆரம்பித்தாள். வயிறு குலுங்கச் சிரித்தவர் பக்கத்துக் கட்டில்காரர் ஒருவர்தான். அவர் கிணற்றுக்குள் விழுந்தவர்.

ஒரே சொல், ஒரு பக்கம் அழுகை, மறுபக்கம் சிரிப்பு. இந்தக் கோடு ஏன் அங்கே விழுகிறது?

நம் சூழலில் இதற்குத் தயாராக ஒரு பதில் உண்டு: 'மனவலிமை'. நோயாளி சிரித்தால் தன்னம்பிக்கை, சிரிக்காவிட்டால் ஒத்துழைப்பின்மை. தன்னம்பிக்கை நூல்களும் சில மருத்துவச் சொற்பொழிவுகளும் சிரிப்பைத் தனிமனிதக் குணமாக்கி, பிறகு அதைக் கடமையாகவும் ஆக்கிவிடுகின்றன. சாய்தளமில்லாத ஊருக்குத் திரும்பப் போகிறவனிடம் 'சிரித்தபடி இரு' என்று சொல்வது சுமையை ஊரின் தோளிலிருந்து அவன் தோளுக்கு மாற்றும் வேலை. சிரிப்பதற்கு இருக்கிற உரிமை சிரிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வதற்கும் உண்டு.

ஃப்ராய்ட் 1927இல் நகைச்சுவை பற்றி எழுதிய சிறு கட்டுரை இதைவிட நுட்பமானது. திங்கட்கிழமை தூக்குமேடைக்குப் போகிற கைதி, வாரம் நன்றாகத்தான் தொடங்குகிறது என்று சொல்லிக்கொள்வதிலிருந்து அவர் ஆரம்பிக்கிறார். பயந்த குழந்தையைப் பெரியவர் தேற்றுவதுபோல, மனதின் ஒரு பகுதி இன்னொரு பகுதியைத் தேற்றுகிறது. இதற்கு இன்னொரு ஆள் அவசியமில்லை, ஒரு மனதுக்குள்ளேயே இது முழுமையடையும் என்பது அவர் வாதம். தூக்குமேடைக்கு அது சரியாக இருக்கலாம். வார்டில் நான் கண்டது வேறு. கேட்கச் சக கட்டில்காரன் இல்லாவிட்டால் அங்கே நகைச்சுவை பிறப்பதே இல்லை.

கட்டில்கள் பக்கம் பக்கமாக இருப்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. இரண்டாம் உலகப்போர் வரை தண்டுவடம் அறுந்தவர்களில் பெரும்பாலோர் படுக்கைப்புண்ணிலும் சிறுநீர்த் தொற்றிலும் சீக்கிரமே செத்தார்கள். 1944இல் இங்கிலாந்தில், ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில், நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூத மருத்துவர் லுட்விக் குட்மன் இரண்டு மணிக்கொரு தடவை நோயாளியைத் திருப்பிப் படுக்கவைக்கும் ஒழுங்கைக் கண்டிப்பாக நடத்தினார். தமிழ்நாட்டில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மேரி வர்கீஸ் 1954இல் கார் விபத்தில் கால் செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தவர். அவர் முன்னின்று உருவாக்கிய மறுவாழ்வு நிலையம் 1966இல் திறக்கப்பட்டது. தென்காசி அருகே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை 1981இல் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். சிரிப்பு உயிரைக் காப்பாற்றுவதில்லை. உயிரைக் காப்பாற்றியது செவிலியர் உழைப்பும் நிறுவனமும். அதற்குப் பிறகுதான் சிரிக்க ஆளே மிஞ்சுகிறது.

இனி வார்டின் பேச்சுக்கு வருவோம். "ரெண்டு காலுக்கும் திண்டுக்கல் பூட்டப் போட்டுட்டான்யா, சாவி டாக்டர்கிட்டயும் இல்ல." நரம்பு திரும்ப முளைக்காது என்பதை மருத்துவர் சுற்றிவளைத்துச் சொன்ன அன்று சாயங்காலம், நம்மவர் அதை இப்படி மொழிபெயர்த்தார். அவநம்பிக்கையை யாரும் வாயால் சொல்லத் துணியாத இடத்தில் பூட்டு அதைச் சொல்லிவிட்டது. "மூத்திரப் பை நெறைஞ்சுபோச்சு, ரேஷன் பைதான் நெறைய மாட்டேங்குது." வெளியே வாய்விட்டுச் சொல்ல முடியாத குழாய், பை, மலம் எல்லாம் இங்கே பொதுப்பேச்சு. "கால்ல கொசு கடிக்குதுப்பா." "கடிக்கட்டும், எனக்கா வலிக்குது?" புதிதாக வந்த பையன் சிரிக்கிறான், சிரித்த கையோடு, உணர்வில்லாத தோலைத் தினமும் கண்ணால் பார்த்துச் சோதிக்க வேண்டும் என்பதையும் கற்றுக்கொள்கிறான். வெட்கத்தைக் கழற்றி வைத்துவிட்டு உடலறிவைக் கைமாற்றும் பாடசாலை இது.

அதிகாரமும் இதில் தலைகீழாகும். காயத்துக்குப் பிறகு கால்கள் தாமாகவே வெட்டி இழுப்பது உண்டு. கடனை நினைவூட்ட வந்த ஒருவரின் மடியில் கால் உதைத்தபோது நம்மவர் சொன்னது: "நான் உதைக்கலண்ணே, காலுக்குத்தான் ஒங்க மேல கோவம்." கொண்டாட்டங்களின் சிரிப்பில் பக்தின் கண்ட கீழ்மேலாக்கம் இந்தக் கட்டிலிலும் நடக்கிறது.

ஆனால் இதைப் புனிதப்படுத்த வேண்டாம். "ஒரு பக்கம் வெந்துபோச்சு, தோசையத் திருப்பிப் போடு" என்பது வார்டின் பிரபலமான பகடி. ராத்திரி இரண்டு மணிக்குத் தோசையைத் திருப்புவது யார்? மனைவி. அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. ஆண்கள் வார்டின் சிரிப்பு அவள் உழைப்பின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பெண்கள் வார்டில் என்ன பேசிச் சிரித்தார்கள் என்பது எனக்குக் கேட்கவே இல்லை.

இந்தச் சிக்கலைச் சட்டமும் தொட்டிருக்கிறது. 'ஆங்க் மிச்சோலி' என்ற இந்திப் படத்துக்கு எதிராக நிபுண் மல்கோத்ரா தொடுத்த வழக்கில், 2024 ஜூலை 8 அன்று உச்ச நீதிமன்றம் ஊனமுற்றோரை இழிவுபடுத்தும் நகைச்சுவை வேறு, ஊனத்தைப் புரியவைக்கும் நகைச்சுவை வேறு என்று பிரித்தது. திக்குவாயையும் நொண்டி நடையையும் காட்டிக் கைதட்டல் வாங்கிய தமிழ் சினிமாவுக்கு இந்தப் பிரிவினை அவசியம்தான். ஆனால் பூட்டுப் பகடியை வந்தவர் சொன்னால் குத்தல், கட்டில்காரர் சொன்னால் ஆறுதல். நகைச்சுவையின் பொருள் வாக்கியத்துக்குள் மட்டும் இல்லை. யார், யாரிடம், எந்த இடத்தில், யார் செலவில் சொல்கிறார் என்பதிலும் இருக்கிறது. 1972இல் கார் விபத்தில் கை கால் செயலிழந்த அமெரிக்கக் கேலிச்சித்திரக்காரர் ஜான் காலஹன், இரண்டு கைகளாலும் பேனாவைப் பிடித்து ஊனத்தைக் கேலி செய்து வரைந்தார். கண்டனங்கள் குவிந்தபோதும், சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதையே அவர் அளவுகோலாகக் கொண்டார்.

நம்மவர் ஊர் திரும்பினார். நாகல் நகர் வாடகை வீட்டில் வாசலுக்கு மூன்று படி, அதற்கு முன்னால் சாக்கடை. வந்தவர்கள் யோசனை சொன்னார்கள். தறியில் உட்காரலாமே என்றார் ஒருவர். "மிதிகட்டைய யாரு மிதிக்கிறது, நீங்களா?" என்று கேட்டாராம். யாரும் சிரிக்கவில்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டம் பொதுக் கட்டடங்களை ஐந்தாண்டுக்குள் எல்லோரும் நுழையும்படி ஆக்கச் சொன்னது. அந்தக் கெடு போன பிறகும் நம் அலுவலகப் படிக்கட்டுகள் நிற்கின்றன. பகடி என்றால் இதுதான் பெரிய பகடி.

ஆறு மாதம் கழித்துப் பார்க்கப் போனேன். அவர் அதிகம் பேசவில்லை. "ஏன், வார்டுல அப்படிப் பேசுவீங்களே?" என்றேன். "இங்க யாருகிட்டங்க சொல்றது?" என்றார்.

மனவலிமை குறைந்துவிட்டது என்று இதைப் படிப்பவர்கள் படிக்கட்டும். எனக்கு இது அமைப்பு பற்றிய கேள்வி. பழைய நோயாளிகளை ஆண்டுதோறும் அழைத்துப் பரிசோதனையும் விளையாட்டுமாக வேலூர் நடத்தும் மறுவாழ்வு மேளாவின் அரசியல் இங்கேதான் இருக்கிறது. ஆனால் வருஷத்துக்கு ஒருமுறை, வேலூர் வரை, என்பது போதாது. நம் ஊர்ச் சங்கங்களும் இலக்கிய வட்டங்களும் மாடி அறையில் கூடுவதை நிறுத்திவிட்டு, சக்கரம் உருண்டு வரும் ஒரு தரைத்தள இடத்தை மாதம் ஒரு நாள் ஒதுக்க முடியுமா? நாம் அங்கே போய் ஆறுதல் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் சொல்வது நமக்குப் புரியாமல் போனாலும் பரவாயில்லை. பக்கத்து நாற்காலிக்காரருக்குப் புரியும்.