ஈர அடியா, உலர் அடியா?

லங்காஸ்டர் வட்டாரத்தில் ஷூஃப்ளை பை என்று பேச்செடுத்தால் பதிலுக்கு ஒரு கேள்விதான் வரும்: ஈர அடியா, உலர் அடியா? அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்துத் தென்கிழக்கு மூலை அது. பை என்றதும் தோளில் மாட்டுவதை நினைக்க வேண்டாம். வட்டத் தட்டில் மாவு ஓடு பரப்பி, உள்ளே எதையாவது நிரப்பி, ஓவனில் வேகவைத்து எடுக்கும் பண்டம். இந்தப் பையில் நிரப்புவது மொலாசஸ். கரும்புச்சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரையைப் பிரித்தபின் மிஞ்சுகிற கரும்பாகு. நம் ஊரில் அது ஆலையை விட்டுக் கிளம்பினால் பெரும்பாலும் சாராய வடிப்பாலைக்குத்தான் போகும், இலைக்கு வராது. அங்கே அதை வைத்து ஒரு சம்பிரதாயமே வளர்ந்திருக்கிறது.

சம்பிரதாயத்துக்கு உரியவர்களைப் பென்சில்வேனியா டச்சுக்காரர்கள் என்பார்கள். பெயரை நம்பி ஹாலந்துக்குப் போய்விடக் கூடாது. ஜெர்மன் பேசுகிறவர்களை 'டச்' என்று அழைத்த பழைய ஆங்கில வழக்கு அது. 1683இல் ஜெர்மன்டவுன் குடியேற்றம் தொடங்கி, 18ஆம் நூற்றாண்டில் அலை அலையாக வந்தவர்கள். ஆமிஷ், மென்னோனைட் மக்களும் இவர்களில் உண்டு. லூத்தரன் சபையாரும் உண்டு. தேவாலயம் வேறானாலும் மொலாசஸ் ஒன்றுதான்.

ஏன் மொலாசஸ்? குளிர்காலத்தின் கடைசியில் ஒரு பண்ணை வீட்டுச் சமையலறையை எண்ணிப் பாருங்கள். நிலவறையில் ஆப்பிள் தீர்ந்துபோயிருக்கும். பகல் குறைந்த நாட்களில் கோழி அதிகம் முட்டையிடாது. மாவும் கொழுப்பும் கெடாத கரும்பாகும்தான் மிச்சம். மூன்றையும் சேர்த்தால் பை.

இதன் மூலத்தை 1876க்குக் கொண்டுபோகிறார் உணவு வரலாற்றாசிரியர் வில்லியம் வாய்ஸ் வீவர். அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தின் நூற்றாண்டையொட்டி வந்த 'சென்டென்னியல் கேக்'தான் ஆதி வடிவம் என்பது அவர் கட்சி. அதற்கு ஓடே கிடையாது. காலைக் காப்பியோடு தின்கிற கேக். கையில் எடுத்துக் கடிக்கத் தோதாக ஓடு பிறகு சேர்ந்தது. பெயருக்கு ஊரார் சொல்லும் காரணம் எளிது: ஆறவைத்த பையில் ஈ மொய்க்கும், 'ஷூ' என்று விரட்டுவார்கள். வீவர் இதை ஒப்புவதில்லை. ஷூஃப்ளை என்று ஒரு சர்க்கஸ் கோவேறு கழுதை இருந்தது, குத்துச்சண்டை போடுமாம்; அதன் பெயரைத் தாங்கி விற்ற மொலாசஸிலிருந்து வந்த பெயர் என்கிறார். எனக்குக் கழுதைக் கதைதான் பிடித்திருக்கிறது.

இனி பாணிகள். இரண்டுக்கும் சரக்கு ஏறக்குறைய ஒன்றே, வித்தியாசம் கைவேலையில். ஒரு கப் மைதா, முக்கால் கப்புக்குச் சற்றுக் குறைவாகப் பழுப்புச் சர்க்கரை, ஒரு மேசைக்கரண்டி குளிர்ந்த வெண்ணெய். புட்டுக்குப் பிசறுவது போல் விரல் நுனியால் பிசற வேண்டும். இந்த உதிரிமாவுக்கு அவர்கள் மொழியில் 'ரிவ்வல்' என்று பெயர். இன்னொரு பாத்திரத்தில் ஒரு கப் மொலாசஸ், முக்கால் கப் வெந்நீர், ஒரு தேக்கரண்டி சமையல் சோடா. மொலாசஸில் புளிப்பு உண்டு; சோடா பட்டதும் நுரைத்துக்கொண்டு எழும். அந்த நுரை அடங்குமுன் ஓவனுக்குள் போய்விட வேண்டும்.

ஈர அடிக்காரர்கள் பாகில் ஒரு முட்டையை அடித்து ஓட்டில் ஊற்றி, உதிரியில் பெரும்பங்கை மேலே தூவுவார்கள். வெந்து வந்தால் மூன்று அடுக்கு: மேலே மொறுமொறுப்பு, நடுவே கேக், அடியில் அல்வாப் பதத்தில் குழைவு. உலர் அடிக்காரர்கள் உதிரியைப் பாகோடு கலந்துவிடுவார்கள். மாவு ஈரத்தையெல்லாம் குடித்துவிடும், அடிவரை கேக்தான். முந்தையதற்குத் தட்டும் முள்கரண்டியும் வேண்டும். பிந்தையதைக் காப்பியில் தோய்த்துத் தின்னலாம். ஓடில்லாத அந்த ஆதிக் கேக்கை நினைத்தால் உலர் அடிதான் மூத்த பாணி என்று எனக்குப் படுகிறது. ஆனால் இன்று கடைகளிலும் சுற்றுலாப் பயணிகளிடமும் கொடி பறப்பது ஈர அடிக்கு.

கிளைகளும் உண்டு. அடியில் எலுமிச்சை சேர்த்த மொலாசஸும் மேலே கேக் மாவுமாக வருவது மான்ட்கமரி பை. சாக்லேட் பாகில் செய்வதற்கு 'ஃபன்னி கேக்' என்று பெயர். இங்கிலாந்தின் ட்ரீக்கிள் டார்ட் தூரத்துச் சொந்தம். அதில் ரொட்டித் தூளும் பொன்னிறப் பாகும். 1946இல் டைனா ஷோர் பாடிய ஒரு பாட்டு ஷூஃப்ளையை நாடறியச் செய்தது. 1950இல் தொடங்கிய குட்ஸ்டவுன் நாட்டார் விழா மேலும் பரப்பியது. பரவியதில் ருசி கொஞ்சம் நீர்த்தும் போனது: சோளப்பாகைத் தாராளமாகக் கலந்தால் இனிப்பு இருக்கும், மொலாசஸின் இரும்புக் கசப்பு இருக்காது. அந்தக் கசப்பு இல்லாவிட்டால் அது வெறும் சர்க்கரைப் பை.

அதற்காக மறுகோடிக்கும் போகக் கூடாது. முதல் முறை நான் பிளாக்ஸ்ட்ராப் என்ற கடைசிக் காய்ச்சல் மொலாசஸை வாங்கிச் செய்தேன். வீட்டில் ஒருவரும் இரண்டாம் வாய் வைக்கவில்லை. கந்தகம் சேர்க்காத, நடுத்தரக் கறுப்பு மொலாசஸ்தான் வேண்டும்.

நல்ல பைக்குச் சில அடையாளங்கள்: ஓட்டின் அடி நமுத்திருக்கக் கூடாது, மேல்தூள் பாகுக்குள் மூழ்கிவிடக் கூடாது, வெட்டினால் துண்டு நிற்க வேண்டும், பாகு தட்டில் ஓடக் கூடாது. 190 டிகிரி செல்சியஸில் 40 நிமிடம் போதும். தட்டை அசைத்தால் நடுப்பகுதி லேசாக ஆட வேண்டும். ஆட்டம் முழுக்க நிற்கும்வரை விட்டால் ஈர அடி போய்விட்டது.

வாசனைக்கு மயங்கி உடனே கத்தியை எடுக்காதீர்கள். இரவு செய்து மறுநாள் காலை வெட்டுங்கள். கூடவே காப்பி, சர்க்கரை இல்லாமல்.