கயிறும் முழமும்

மலேசியாவின் கெடா மாநிலத்திலுள்ள பூஜாங் பள்ளத்தாக்கின் பழங்காலக் கோயில்களான சண்டிகளைப் பற்றிப் பேச்செடுத்தால், அடித்தளத்தின் நீளத்தை வகுத்துப் பார்த்தே கட்டியவன் வைத்திருந்த முழக்கோலைக் கண்டுபிடித்துவிடலாம் என்று சிலர் நம்புகிறார்கள். வீண் நம்பிக்கை என்று அதைத் தள்ளிவிட முடியாது. பிரிட்டனின் கல்வட்டங்களை நூற்றுக்கணக்கில் அளந்த அலெக்சாண்டர் தோம், அவற்றுக்குள் 0.829 மீட்டர் நீளமுள்ள ஒரு 'பெருங்கல் கெஜம்' ஒளிந்திருப்பதாக 1967இல் எழுதினார். புள்ளியியலாளர் டேவிட் கெண்டால் 1974இல் அதைச் சோதித்து, அந்த அளவுகளில் ஒரு சீர்மை தென்படுகிறது என்று ஓரளவு ஒப்புக்கொண்டார். காலடியால் எண்ணி நடந்தாலும் அதே சீர்மை வருமே என்ற எதிர்வாதம் மட்டும் இன்றுவரை ஓயவில்லை. தோமிடம் இருந்தது எண்ணிக்கையின் பலம். நம் பக்கம் அளக்கத்தக்க நிலையில் எஞ்சியிருக்கும் சண்டிகள் மிகச் சில.

இந்த முறையின் பெரிய ஓட்டை கணக்கிலேயே இருக்கிறது. சிற்ப நூலான மானசாரம் 24, 25, 26, 27 விரல் என்று நான்கு வகை முழம் சொல்கிறது. விரலை 1.9 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். பத்து மீட்டர்ச் சுவர் முதல் முழத்தில் 22, இரண்டாவதில் 21. இரண்டிலும் பிசகு மூன்று சென்டிமீட்டர் அளவுதான். மழையும் வேரும் தின்ற கல்வரிசையில் மூன்று சென்டிமீட்டரை யார் நிச்சயிப்பது? அலகு எவ்வளவு சிறிதோ அவ்வளவு எளிதாக எந்தச் சுவரும் அதற்குள் அடங்கிவிடும். போதாததற்கு, எஞ்சியவையும் பழைய நிலையிலேயே இல்லை. புக்கிட் பத்து பகாட் சண்டியை 1959-60இல் அலஸ்டர் லாம்ப் குழு மறுபடி அடுக்கிக் கட்டியது. பெண்டாங் டாலாம், பெங்காலான் பூஜாங் சண்டிகள் மெர்போக் அருங்காட்சியக வளாகத்துக்கே இடம் மாற்றப்பட்டன. இன்று அங்கே நாடா பிடிப்பவர் பழங்காலத்துத் தச்சனோடு இருபதாம் நூற்றாண்டுக் கொத்தனாரையும் சேர்த்தே அளக்கிறார்.

அப்படியானால் அளப்பதையே விட்டுவிடலாமா என்று கேட்கலாம். விட வேண்டியதில்லை. அலகைத் தேடுவதற்கு முன் விகிதத்தைத் தேடலாம். அதே பள்ளத்தாக்கின் சுங்கை பத்துவில் 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகக் குழு தோண்டியபோது வெளிப்பட்ட செங்கல் மேடை வட்ட வடிவம். நடுவில் ஒரு முளை, அதில் ஒரு கயிறு இருந்தால் வட்டம் போட்டுவிடலாம், எந்த முழமும் வேண்டாம். கயிற்றை மடித்தால் பாதி, மறுபடி மடித்தால் கால். தோட்டத்தில் பால்மரக் கன்றுக்கு வரிசை பிடித்தவர்களுக்குக் கயிறும் முளையும் எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பது தெரியும். செங்கல்லோ தானே ஓர் அளவு. ஒரே அச்சில் வார்த்த கற்களை அடுக்குபவன் அளப்பதில்லை, எண்ணுகிறான். எனவே அந்த மேடையில் முதலில் தேட வேண்டியது எண்ணிக்கையும் பங்கீடும்தான்.

இதற்கும் மறுப்பு உண்டு. புக்கிட் பத்து பகாட்டில் கருவறையும் முன்மண்டபமும் இந்தியக் கோயில் மரபைக் காட்டுகின்றன, மரபு வந்த கப்பலில் முழக்கோலும் வந்திருக்காதா? வந்திருக்கலாம். ஆனால் கோல் வந்தது என்பது வேறு, சுவர் அந்தக் கோலுக்கு அடங்கியது என்பது வேறு. இரண்டாவதைக் காட்டத் தூண் நட்ட கல் பீடங்களின் இடைவெளிகள் உதவும். அவை ஒரே முழத்தின் மடங்குகளாக மீண்டும் மீண்டும் வந்தால் நானும் ஒப்புக்கொள்வேன். அதற்கு ஒரு சண்டி போதாது, பல வேண்டும். ஆனால் 2013இல் வீட்டுமனைத் திட்டத்துக்காக இடிக்கப்பட்ட, இதே பள்ளத்தாக்கின் 11ஆம் எண் சண்டியில் இனி நாடா பிடிக்க ஒரு கல்வரிசையும் இல்லை.