"வென்றோம்" என்னும் வினைமுற்று: பினாங்குக் காற்பந்து ரசிகர்களின் பேச்சு குறித்து

தாம் ஆடாத ஆட்டத்தில், தாம் காணாத ஊரில், தம்மை அறியாத பதினொருவர் பெற்ற வெற்றியைப் பற்றி ஒருவர் "வென்றோம்" என்று சொல்வாரானால், அவ்வினைமுற்றின் எழுவாய் யார்? ஜார்ஜ்டவுனில் விடியற்காலை மூன்று மணிக்கு விளக்கெரியும் எந்த நாசி கண்டார் கடையிலும் இவ்வினாவுக்கான தரவு தட்டுப்பாடின்றிக் கிடைக்கும். ஐரோப்பியக் கழகங்களுக்கிடையிலான காற்பந்துப் போட்டிகளை ஆண்டுக்கணக்கில், உறக்கத்தை விலையாகக் கொடுத்துப் பின்தொடரும் தமிழர்கள் பினாங்கில் பலர். தோட்டப்புறப் பாடலிலும் கோயில் வழிபாட்டிலும் திரைப்படத்திலும் நம் ஆய்வுலகம் காட்டிய அக்கறையில் ஒரு சிறு பங்கைக்கூட இவர்களிடம் காட்டியதில்லை. இளைஞரின் பொழுதுபோக்கு என்றோ, அயல்மோகம் என்றோ ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவது வழக்கமாகிவிட்டது. அவ்வழக்கம் பிழையானது என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடாகும். அதற்கான சான்று ரசிகர்களின் பேச்சிலேயே, குறிப்பாக அவர்கள் கையாளும் தன்மைப் பன்மையிலேயே உள்ளது.

2005 மே 26, வியாழக்கிழமை. இஸ்தான்புல் நகரில் லிவர்பூலுக்கும் ஏசி மிலானுக்கும் இடையே நடைபெற்ற சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம் மலேசிய நேரப்படி அதிகாலை 2.45-க்குத் தொடங்கியது. நான் அப்போது முதுகலை மாணவன். சிறு வயது முதலே லிவர்பூல் ரசிகன். நகரின் நடுவேயுள்ள ஒரு கடையில், நடைபாதைவரை போடப்பட்ட நாற்காலிகளுள் ஒன்றில் அமர்ந்திருந்தேன். முதல் நிமிடத்திலேயே மால்டினி கோல் அடித்தார். இடைவேளையின்போது மிலான் 3-0 என முன்னணியில் இருந்தது. அந்நேரத்தில் என் மேசையிலிருந்த லிவர்பூல் ரசிகர்களின் பேச்சு முழுவதும் படர்க்கையிலேயே அமைந்தது: "அவனுங்க ஒன்னுமே ஆடலலா", "நடுவுல ஆளே இல்ல அவனுங்களுக்கு". இரண்டாம் பாதியின் ஆறு நிமிட இடைவெளியில் ஜெரார்டு, ஸ்மிட்சர், அலோன்சோ ஆகிய மூவரும் கோல் அடித்து ஆட்டத்தைச் சமன்செய்தனர். அதே வாய்கள் தன்மைக்குத் திரும்பின: "நாங்க வந்துட்டோம்!" பெனால்டி உதைகள் முடிந்து கோல் காவலர் டூடெக்கைச் சக வீரர்கள் சூழ்ந்துகொண்டபோது மணி ஐந்தைத் தாண்டியிருந்தது. கடைக்காரப் பாய் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்தார். சற்று நேரத்தில் பள்ளிவாசலிலிருந்து சுபுஹுத் தொழுகை அழைப்பு எழுந்தது. மேசையில் இருந்தவர்கள் "ஜெயிச்சிட்டோம்" என்று சொல்லிக்கொண்டே வேலைக்குச் சென்றனர்.

வெற்றியில் தன்மை, தோல்வியில் படர்க்கை என்னும் இவ்விடமாற்றம் ஆய்வுலகம் அறியாததன்று. அமெரிக்க உளவியலறிஞர் ராபர்ட் சியால்டினியும் அவருடன் பணியாற்றியோரும் 1976-இல் வெளியிட்ட ஆய்வு, தம் பல்கலைக்கழகக் குழு வென்ற ஆட்டத்தை விவரிக்கும் மாணவர்கள், தோற்ற ஆட்டத்தை விவரிப்போரைவிட மிகுதியாகத் தன்மைப் பன்மையைப் பயன்படுத்துவதைக் காட்டியது. அயலாரின் புகழொளியில் குளிர்காய்தல் என்று அதனைச் சுருக்கிக் கூறலாம். எனினும் அவ்வாய்வு ஆங்கிலத்தில் நிகழ்ந்தது. ஆங்கிலத்தின் தன்மைப் பன்மை கேட்பவரைச் சேர்த்துக்கொள்கிறதா, விலக்குகிறதா என்பதைச் சொல்லிலிருந்து அறிய இயலாது. தமிழில் "நாம்" வேறு, "நாங்கள்" வேறு. மலாயிலும் கித்தா வேறு, காமி வேறு. பினாங்குச் சீனர் பேசும் ஹொக்கியனிலும் இவ்வேறுபாடு உண்டு. ஆக, இங்குச் சுட்டிய மொழிகளுள் இதனைப் பிரித்தறியாதது ஆங்கிலம் ஒன்றே. ஆட்ட வருணனையோ பெரும்பாலும் அம்மொழியில்தான் நம் காதுக்கு வருகிறது.

நம் இலக்கணிகள் இதில் நுட்பமானவர்கள். தன்மைப் பன்மை விகுதிகளை நன்னூலார் வகைப்படுத்தும்போது, அம், ஆம் என்பன முன்னிலையாரைத் தன்னோடு சேர்ப்பன என்றும், எம், ஏம், ஓம் என்பன படர்க்கையாரைச் சேர்ப்பன என்றும் பிரித்துரைப்பார். இக்கால வழக்கில் எஞ்சி நிற்பது பெரும்பாலும் ஓம் ஒன்றுதான்; சேர்ப்பதும் விலக்குவதும் பெயரளவில் நின்றுவிட்டன. ஆயினும் நன்னூலார் வகுப்பைக் கொண்டு நோக்கினால் "வென்றோம்" என்பதைக் காட்டிலும் ரசிகனுக்குப் பொருத்தமான வினைமுற்று வேறில்லை. எங்கோ இருக்கும் படர்க்கையார் பதினொருவரைத் தன்னோடு சேர்த்துக்கொள்வதுதானே அவன் தொழில்?

இங்கு ஒரு கேள்வி எழுகிறது. படர்க்கையாரைச் சேர்க்கும் "நாங்கள்" முன்னிலையாரை விலக்கியாக வேண்டும். இஸ்தான்புல் இரவில் "நாங்க" என்ற சொல் விலக்கியது யாரை? மிலான் ரசிகரை என்று எண்ணத் தோன்றும். அந்தக் கடையில் மிலானுக்கென்று வந்தவர் எவரும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. எதிரே அமர்ந்திருந்தவர்கள் மென்செஸ்டர் யுனைடெட் ரசிகர்கள். 1999-இல் பார்சிலோனாவில் பயர்ன் மியூனிக்கைக் கடைசி நிமிடங்களில் இரு கோல் அடித்து வென்ற தம் கதையை ஆறாண்டுகளாகச் சொல்லிச் சொல்லி எங்களை வாட்டியவர்கள். ஒரே பள்ளியில் படித்தவர்கள், ஒரே தெருவில் வாழ்பவர்கள், சிலர் ஒரே வீட்டில் பிறந்தவர்கள். "நாங்க" என்னும் சொல்லின் எல்லைக்கோடு மேசையின் நடுவே, இரண்டு தே தாரிக் குவளைகளுக்கிடையே ஓடியது. பெயர் லிவர்பூலுடையது, உறவும் பகையும் இத்தீவுக்குரியவை. அயல்மோகம் என்று குறைகூறும் திறனாய்வாளர்கள் காணத் தவறுவது இதனைத்தான். ஆண்டர்சன் 1983-இல் முன்வைத்த கற்பிதச் சமூகக் கருத்தை எடுத்து இங்குப் பொருத்துவோரும் இதே தவறைச் செய்கின்றனர். அச்சமூகத்தின் உறுப்பினர்கள் ஒருவரையொருவர் காணாதவர்கள். இங்கோ கண்டு, கேலி செய்து, ரொட்டி சானாய்க்கான காசை யார் கொடுப்பது என்று வாதிடுகிறார்கள்.

ரசிகரைப் பக்தரோடு ஒப்பிடுவது நம்மிடையே ஒரு தேய்ந்த வழக்கு. எனக்கு அது உடன்பாடன்று. தெய்வம் அசுரனை அழித்ததை எந்த அடியவரும் "அழித்தோம்" என்று பாடுவதில்லை. ஒப்புமை வேண்டுமாயின் கலிங்கத்துப்பரணியின் பேய்களைச் சுட்டுவேன். அவை போரிடுவதில்லை, பசியோடு காத்திருக்கின்றன, போர்ச் செய்தியைக் கூளி ஒன்று வந்து காளிக்கு விரித்துரைக்கிறது, களம் அடங்கியபின் கூழ் சமைத்துண்டு, வென்ற மன்னனை வாழ்த்துகின்றன. நள்ளிரவுப் பசி, வருணனையாளர், ஆட்டத்திற்குப் பிந்திய உணவு ஆகிய அனைத்தையும் செயங்கொண்டார் பாடி வைத்திருக்கிறார். இதனை என் மாணவர்களிடம் சொன்னபோது அவர்கள் சிரித்தனர். அடுத்த வகுப்பில் ஒருவர் ஆர்சனல் சட்டையணிந்து வந்து தம்மைப் பேய் என்று அறிமுகப்படுத்திக்கொண்டார்.

இனிப் பினாங்கின் சொந்தக் குழுவுக்கு வருவோம். "நேத்து பினாங்கு என்னாச்சு?" என்று அதே மேசையில் கேட்டால் கிடைக்கும் விடை: "பினாங்கு தோத்துப்போச்சு." ஒன்றன்பால் வினைமுற்று. ஊர்ப்பெயர் அஃறிணை முடிபு கொள்வது இயல்பே என மறுக்கலாம். "லிவர்பூல் தோத்துப்போச்சு" என்பதும் வழக்கில் உண்டு. ஆனால் அதைச் சொல்பவர் லிவர்பூல் ரசிகராக இருப்பதில்லை. பினாங்கில் பிறந்து வளர்ந்தவரே தம் குழுவைப் பற்றி அவ்வாறு கூறுகிறார். "நம்ம பினாங்கு தோத்துப்போச்சு" என்ற வழக்கு இன்னும் கவனத்திற்குரியது. உடைமை உளப்பாட்டுப் பன்மையில் இருக்கிறது. வினை அஃறிணைக்குப் போய்விட்டது. குழு நம்முடையது, ஆனால் தோற்றது நாமல்லோம்.

எப்போதும் இவ்வாறு இருந்ததில்லை. எச்.எம்.எஸ். மலாயா என்னும் போர்க்கப்பல் அளித்த கிண்ணத்திற்காக 1921-இல் தொடங்கிய போட்டி மாநிலங்களுக்கிடையிலானது. பின்னாளில் மலேசியக் கிண்ணமாயிற்று. பினாங்கு அதனை 1953, 1954, 1958, 1974 ஆகிய ஆண்டுகளில் வென்றது. 1976-இல் டாக்காவில் நடந்த ஆகா கான் தங்கக் கிண்ணப் போட்டியிலும் வாகை சூடியது. அனைத்துலகக் கழகப் போட்டி என்பது எங்கோ ஐரோப்பாவில் நடப்பதென்று எண்ணும் தலைமுறைக்கு இச்செய்தி புதிதாக இருக்கக்கூடும். இசா பக்கார், அலி பக்கார் சகோதரர்களின் ஆட்டத்தைக் கண்ட என் தந்தையார் இன்றும் சொல்வது: "எழுபத்து நாலுல நாம கிண்ணம் எடுத்தோம்." அந்த ஆண்டில் நான் பிறக்கவேயில்லை. இருப்பினும் அவருடைய "நாம" என்னைச் சேர்த்துக்கொண்டது. என் தலைமுறை தன் பிள்ளைகளிடம் பினாங்கைப் பற்றி அவ்வாறு சொல்வதில்லை.

இடையில் நிகழ்ந்தது என்ன? 1994, 1995-ஆம் ஆண்டுகளில் ஆட்ட முடிவுகளை விலைபேசிய ஊழல் வெளிப்பட்டது. நூற்றுக்கும் மேற்பட்டோர் விசாரிக்கப்பட்டனர். ஆட்டக்காரர் பலர் தடைசெய்யப்பட்டனர். முந்திய வாரம் எந்தக் கோலுக்காகக் கத்தினோமோ அந்தக் கோலே விற்கப்பட்டதாக இருக்கலாம் என்ற ஐயம் திடலில் நுழைந்தது. "நாம்" என்று சொன்னவர்கள் ஏமாற்றப்பட்டவர்களாக உணர்ந்தனர். 1996-இல் ஆஸ்ட்ரோ செயற்கைக்கோள் ஒளிபரப்பு வந்தது. 1992-இல் உருவான இங்கிலாந்துப் பிரிமியர் லீக்கும், அதே ஆண்டில் புதுவடிவம் பெற்ற சாம்பியன்ஸ் லீக்கும் வீட்டுக்குள் நுழைந்தன. 1998-லும் 2001-லும் பினாங்கு லீக் பட்டத்தை வென்றது, 2002-இல் எஃப்.ஏ. கிண்ணத்தையும் கைப்பற்றியது. வெற்றிகள் வந்தன, போன வினைமுற்று வரவில்லை. ஊழலை மட்டும் காரணமாகக் காட்டுவதும் போதாது. மாநிலக் குழு பிறப்பால் வருவது. அடையாள அட்டையில் பினாங்கிற்குரிய 07 என்னும் எண்ணைப் போல. கழகமோ ஒருவன் பத்து வயதில் தானே தேர்ந்துகொள்வது. சாதியும் தொழிலும் வசிப்பிடமும் பிறர் முடிவாக இருந்த ஒரு சமூகத்தில், தானே தேர்ந்த ஒன்றின்மீது மனம் படிவதில் வியப்பில்லை. 2015-இல் ஜொகூர் டாருல் தாக்சிம் துஷான்பே நகரில் ஏஎஃப்சி கிண்ணத்தை வென்றது. தென்கிழக்காசியக் கழகம் ஒன்று அக்கிண்ணத்தை வென்றது அதுவே முதன்முறை. எங்கள் மேசை அதனைப் பாராட்டியது, ஆனால் படர்க்கையில்.

இவ்விடத்தில் என் வாதத்திற்கு எதிரான சான்றையும் மறைக்கலாகாது. நகர விளையாட்டரங்கிற்குள், எதிர்ப்புறத்தில் கெடா ரசிகர்கள் அமர்ந்திருக்கும் இரவில், "நாங்க" தானாகவே திரும்பிவிடுகிறது. எதிரே விலக்குவதற்கு ஆள் இருந்தால் போதும் போலும். 2016 பிப்ரவரி 16-ஆம் நாள் அவ்வரங்கில் பகாங்கிற்கு எதிராக முகமட் ஃபைஸ் சுப்ரி உதைத்த தனியுதை காற்றில் திசைமாறி வலைக்குள் புகுந்தது. அந்தக் கோலுக்கு 2017 ஜனவரியில் சூரிக் நகரில் ஃபிஃபாவின் புஸ்காஸ் விருது வழங்கப்பட்டபோது, ஐரோப்பாவின் பெருங்கழகங்களைப் பின்தொடர்ந்த அதே மேசைகளில் "நம்ம கோல்" என்று பேசப்பட்டது. அதையும் அளவோடு மதிப்பிட வேண்டும். கோல் நம்முடையதாயிற்று. "நாம அடிச்சோம்" என்று சொன்னவரை நான் கேட்கவில்லை. "ஃபைஸ் அடிச்சான்" என்றே சொன்னார்கள்.

இத்தகைய பேச்சைப் பதிவுசெய்திருக்க வேண்டியவை நம் நாளிதழ்கள். சொல்வளத்தில் அவற்றைக் குறைகூற இடமில்லை. தமிழகம் கால்பந்து என்றும் இலங்கை உதைபந்தாட்டம் என்றும் எழுத, நாம் காற்பந்து என்று எழுதுகிறோம். கிண்ணம், திடல், கோல் காவலர், இறுதியாட்டம் ஆகிய சொற்களை நம் விளையாட்டுப் பக்கங்கள் நிலைபெறச் செய்தன. 1924 முதல் 2019 வரை வெளிவந்த தமிழ் நேசனுக்கும் அதில் பங்குண்டு. ஆனால் ஐரோப்பிய ஆட்டங்களைப் பற்றிய செய்திகள் பெரும்பாலும் அயல்நாட்டுச் செய்தி நிறுவனங்களின் மொழிபெயர்ப்பாகவே அமைகின்றன. யார் அடித்தார், எந்த நிமிடம் என்பன இருக்கும். அதைப் பார்க்க இங்கே விழித்திருந்தவர் இருக்கமாட்டார். நம் படைப்பாளர்களும் விதிவிலக்கல்லர். நான் வாசித்த மலேசியச் சிறுகதைகளில் தோட்டத்துத் திடல் மாலை வெளிச்சத்தோடு வந்துபோகிறது. பந்து உதைக்கும் சிறுவர்கள் வருகிறார்கள். அதிகாலை நான்கு மணிக்கு மனைவி எழாமல் கதவைச் சாத்திக்கொண்டு வெளியேறும் நாற்பது வயதுக்காரரை நான் சந்தித்ததில்லை. அவர் கதைக்குத் தகுதியற்றவர் என்று யார் முடிவுசெய்தது? ஐரோப்பாவில் கோடைகால நேரம் முடிந்து கடிகாரங்கள் மாறும் அக்டோபர் இறுதியில், மூன்று மணி ஆட்டம் நமக்கு நான்கு மணி ஆட்டமாகிறது. அம்மாற்றத்தைத் தீபாவளித் தேதியைப் போல நினைவில் வைத்திருப்பவர் அவர்.

இங்கிலாந்தில் முனைவர்ப் பட்ட ஆய்வு மேற்கொண்டிருந்த காலத்தில் ஒருமுறை ஆன்ஃபீல்டு அரங்கிற்குச் செல்லும் வாய்ப்புக் கிட்டியது. பக்கத்து இருக்கையில் ஒரு முதியவர். அவருடைய தந்தையும் அதே பகுதியில் அமர்ந்து ஆட்டம் பார்த்தவராம். பண்பாகப் பேசினார். எங்கிருந்து வந்தேன் என்று கேட்டார். பினாங்கு எங்குள்ளது என்று விளக்கினேன். ஆட்டம் முழுவதும் அவர் தன்மைப் பன்மையிலேயே பேசினார். அந்தச் சொல்லுக்குள் நான் இருக்கிறேனா இல்லையா என்று தொண்ணூறு நிமிடமும் எனக்குப் பிடிபடவில்லை. ஆங்கிலம் அதைச் சொல்லாது, அவரிடம் கேட்கவும் முடியாது. லிவர்பூல் வென்றது. அறைக்குத் திரும்பியதும் தந்தையாரைத் தொலைபேசியில் அழைத்தேன். பினாங்கில் அப்போது நள்ளிரவு கடந்திருந்தது. "என்னப்பா, உங்க ஆளுங்க ஜெயிச்சாங்களா?" என்றார். "ஜெயிச்சாங்கப்பா" என்றேன்.